சுபக்கத்தை மறைத்துவைத்த பரபக்கம்

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: "தத்துவத்தின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். எல்லோரும் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் 'மேலைத் தத்துவ வரலாறு' நூலைச் சொல்கிறார்கள். ஆனால் அதில் விடுபட்டவை அதிகம், ஒருதலைப்பட்சமானது என்றும் கேள்விப்பட்டேன். வாங்கலாமா? சார்பே இல்லாத வேறு நூல் ஏதேனும் உண்டா?"

வாங்கலாம். விடுபட்டவை அதிகம் என்பதும் உண்மைதான். சார்பே இல்லாத நூல் கிடையாது. இத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இந்த நூல்களில் எது விடுபடுகிறது, ஏன் அதுவே திரும்பத் திரும்ப விடுபடுகிறது என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால் எந்த நூலையும் அச்சமின்றிப் படிக்கலாம். எனவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பல ஆண்டுகள் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவன் நான். முதலாண்டு வகுப்பின் முதல் நாளன்று கரும்பலகையில் ஒரு கோடு போடுவது என் வழக்கம். இடது ஓரத்தில் தேலீஸ், அடுத்து சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில். பிறகு ஒரு சாண் இடம் விட்டுத் தெகார்த், லாக், ஹியூம், கான்ட். ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன், "சார், அந்தச் சாண் அளவில் எத்தனை வருடம் இருக்கிறது?" என்று கேட்டான். அரிஸ்டாட்டில் இறந்தது கி.மு. 322. தெகார்த்தின் 'தியானங்கள்' வெளிவந்தது 1641. கணக்குப் போட்டால் 1,960 ஆண்டுகளுக்கு மேல் வந்தது. தெகார்த்திலிருந்து நம் காலம் வரைக்கும் நானூறு ஆண்டுகூட ஆகவில்லை. கோட்டை அளவுப்படி போட்டிருந்தால் அந்தச் 'சாண்' பலகையைத் தாண்டி வராந்தாவுக்குப் போயிருக்கும். "அத்தனை வருடம் எல்லோரும் தூங்கினார்களா?" என்று அவன் கேட்கவில்லை. முகத்தில் அந்தக் கேள்விதான் இருந்தது.

அந்தக் கோடு நான் கண்டுபிடித்ததல்ல, எனக்குக் கொடுக்கப்பட்டது. வில் டியூரண்ட் 1926இல் வெளியிட்ட 'தத்துவத்தின் கதை'யை எடுத்துப் பாருங்கள். அரிஸ்டாட்டில் முடிந்து பக்கத்தைப் புரட்டினால் பிரான்சிஸ் பேகன் வந்து நிற்பார். மலிவு விலைச் சிறு வெளியீடுகளாகத் தொடங்கி இலட்சக்கணக்கில் விற்ற நூல் அது; உலகெங்கும் எத்தனையோ பேருக்குத் தத்துவத்தில் முதல் ருசி காட்டியதும் அதுதான். டியூரண்ட் நேர்மையானவர். இடைக்காலத்தையும் சீன, இந்தியத் தத்துவங்களையும் விட்டுவிட்ட குறையைப் பிந்தைய பதிப்பின் முன்னுரையில் அவரே ஒப்புக்கொண்டார். 1935இல் கிழக்கத்திய நாகரிகங்களைப் பற்றித் தடிமனாகத் தனி நூலும் எழுதினார். ஆனால் மக்கள் கையில் நின்றது பழைய கதைதான்.

இனி ரஸ்ஸல். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் இருந்தபோது, பிலடெல்பியாவுக்கு அருகே ஒரு கலை நிறுவனத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து வளர்ந்த நூல். 1945இல் வந்தது. படிக்கச் சுகமான நூல். கிண்டலும் தெளிவும் ஒன்றாகச் சேர்ந்த உரைநடை. 'மேலைத் தத்துவம்' என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டதால் இந்தியாவும் சீனாவும் எங்கே என்று அவரிடம் கேட்க முடியாது. அவர் போட்ட வேலிக்கு உள்ளேயே என்ன நடக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். கவிஞர் பைரனுக்கு ஒரு முழு அதிகாரம் உண்டு. கீர்க்ககோருக்கு இல்லை, ஹுஸெர்லுக்கு இல்லை. ஒரு பெண்ணுக்குக்கூட இல்லை. இஸ்லாமிய உலகத்தின் தத்துவம் முழுவதற்கும் ஒரே ஒரு குட்டி அதிகாரம். அதிலும் அந்தத் தத்துவத்துக்குச் சொந்தச் சிந்தனை என்ற அளவில் முக்கியத்துவம் இல்லை, இப்னு சீனாவும் இப்னு ருஷ்தும் அடிப்படையில் உரையாசிரியர்களே என்று தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பில் சற்று நிற்க வேண்டும். இப்னு ருஷ்துவைப் பற்றியாவது ஒரு பேச்சுக்கு ஏற்கலாம். அரிஸ்டாட்டிலுக்கு வரிசையாக உரை எழுதியவர் அவர். இப்னு சீனா (கி.பி. 980–1037) அப்படிப்பட்டவரே அல்லர். ஒரு பொருள் என்ன என்பதும் அது இருக்கிறது என்பதும் வெவ்வேறு என்று பிரித்து, அந்தப் பிளவிலிருந்தே இல்லாமல் இருக்க இயலாத ஒன்று, அதாவது கடவுள், உண்டு என்று வாதம் கட்டியவர். 'பறக்கும் மனிதன்' என்ற அவருடைய கற்பனைச் சோதனை ஒன்று போதும். ஒருவன் முழு வளர்ச்சியோடு திடீரென்று வெட்டவெளியில் படைக்கப்படுகிறான். கண் மூடியிருக்கிறது, கைகால்கள் ஒன்றையொன்று தொடாதபடி விரிந்திருக்கின்றன, காற்றின் உரசல்கூட உடம்பில் படவில்லை. புலன் வழியாக அவனுக்கு ஒரு செய்தியும் வரவில்லை. தன் உடல் இருக்கிறதா என்றே அவனுக்குத் தெரியாது. ஆனாலும் 'நான் இருக்கிறேன்' என்பது அவனுக்குத் தெரியும் என்கிறார் இப்னு சீனா. 'நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' என்ற தெகார்த்துக்கு அறுநூறு ஆண்டு முன்பு இதை எழுதியவரை உரையாசிரியர் என்று ஒதுக்க எப்படி மனம் வந்தது?

மனம் வந்ததற்குக் காரணம் கதையின் அமைப்பு. ஐரோப்பாதான் கதாநாயகன் என்று வைத்துவிட்டால், அரபு உலகத்துக்கு அந்தக் கதையில் ஒரே வேலைதான் மிஞ்சும்: கிரேக்க நெல்லைக் கொட்டி வைக்கும் குதிர். விதைப்புக் காலம் வரும்வரை பூச்சி அரிக்காமல் காத்து, லத்தீன்காரர் கையில் அளந்து கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு அந்தக் குதிர் பற்றி யார் பேசப்போகிறார்கள்? அதனால்தான் இந்த நூல்களில் இஸ்லாமியத் தத்துவம் இப்னு ருஷ்து இறந்த 1198இல் சட்டென்று நின்றுவிடுகிறது. லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டுப் பெரும் தாக்கம் ஏற்படுத்திய கடைசிப் பெருந்தலை அவர். அவரோடு நின்றது ஐரோப்பாவின் இறக்குமதி. அங்கே சிந்தனை நிற்கவில்லை. அலெப்போவில் 1191இல் கொல்லப்பட்ட சுஹ்ரவர்தியின் ஒளித் தத்துவம், இப்னு சீனாவைத் துருவித் துருவி மறுத்த ஃபக்ருத்தீன் ராஸி, அந்த மறுப்புகளுக்குப் பதில் எழுதிய நஸீருத்தீன் தூஸி, பதினேழாம் நூற்றாண்டு ஈரானில் முல்லா சத்ரா என்று வரிசை நீள்கிறது. ராஸியும் தூஸியும் எதற்கு உரை எழுதினார்கள் என்று பார்த்தால் வேடிக்கை புரியும்: அரிஸ்டாட்டிலுக்கு அல்ல, இப்னு சீனாவுக்கு. ரஸ்ஸல் உரையாசிரியர் என்று சொன்னவர் அங்கே மூலநூலாசிரியர் ஆகியிருந்தார். இந்தியாவும் இதில் உண்டு. லக்னோவின் ஃபிரங்கி மஹல் மதரசா மரபில் தர்க்கமும் தத்துவமும் பதினெட்டாம் நூற்றாண்டிலும் பாடத்திட்டத்தின் நடுவில் இருந்தன.

'கஸ்ஸாலி தத்துவத்தைக் கொன்றார்' என்பது இதே கதையின் கிளைக்கதை. 1095இல் இந்த இஸ்லாமிய இறையியலாளர் எழுதிய மறுப்பு நூலில் தத்துவவாதிகளின் இருபது கருத்துகளை எடுத்து வாதிடுகிறார். அவற்றில் மூன்றைத்தான் மதநிராகரிப்பு என்கிறார். தர்க்கத்தை அவர் விலக்கவில்லை. சட்டவியல் படிப்புக்குள்ளேயே அதைக் கொண்டுபோய் அமர்த்தினார். கொலைகாரர் செய்கிற வேலையா இது?

ஐரோப்பியர் எப்போதும் இப்படித்தான் எழுதினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் வியப்பளித்தது அதுதான். தத்துவம் கிரேக்கரிடம் பிறந்ததா, பாரசீக மாகிய குருமாரிடமும் இந்திய நிர்வாணத் துறவிகளிடமும் பிறந்ததா என்ற தகராறு மூன்றாம் நூற்றாண்டு டயோஜெனீஸ் லேயர்ஷியஸின் நூலில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் கிரேக்கர் கட்சி. ஆனால் எதிர்க்கட்சி ஒன்று இருந்ததை அவர் மறைக்கவில்லை. ஜெர்மனியில் கிறிஸ்தியான் வோல்ஃப் 1721இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் சீனரின் நடைமுறைத் தத்துவத்தைப் புகழ்ந்து ஓர் உரை ஆற்றினார். வேதவெளிப்பாடு இல்லாமலே கன்பூசியஸ் வழியினர் ஒழுக்கத்தை அடைந்திருக்கிறார்கள் என்பது சாரம். சமயவாதிகள் கொதித்தார்கள். 1723இல் பிரஷ்ய மன்னர், 48 மணி நேரத்துக்குள் நாட்டை விட்டு வெளியேறாவிட்டால் தூக்கு என்று ஆணையிட்டார். ஒரு சீன ஞானியைப் புகழ்ந்ததற்காக ஒரு ஜெர்மன் பேராசிரியர் தலைதெறிக்க ஓடவேண்டியிருந்தது என்றால், சீனாவை அங்கே எவ்வளவு மெய்யாக எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1742 முதல் ப்ரூக்கர் எழுதிய பெரிய தத்துவ வரலாறும் கல்தேயர், பாரசீகர், இந்தியர், எகிப்தியர் என்றுதான் தொடங்கியது.

வெட்டு விழுந்தது அதற்குப் பிறகு, ஏறத்தாழ 1780க்கும் 1830க்கும் நடுவில். கான்ட்டின் வழிவந்த டென்னமன் கிரேக்கரோடு கணக்கைத் தொடங்கினார். ஹெகல் வந்தார், சீனாவையும் இந்தியாவையும் வாசல் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, உண்மையான தத்துவம் தேலீஸோடு வீட்டுக்குள் நுழைகிறது என்றார். இடைக்காலத்தைக் கடக்க ஏழு காதம் தாவும் மாயக் காலணி போட்டுக்கொள்ளப் போவதாக அவரே கூறினார். இது அறியாமையால் வந்ததல்ல. கோல்புரூக் சமஸ்கிருத மூலங்களிலிருந்து சாங்கியம், நியாயம் பற்றி 1824 முதல் வெளியிட்ட கட்டுரைகளை ஹெகல் படித்துக் குறிப்பெடுத்தவர்; கீதையைப் பற்றிய ஹம்போல்ட்டின் கட்டுரைக்கு நீண்ட மதிப்புரை எழுதியவர். தகவல் பெருகிய காலத்தில்தான் கதவு மூடப்பட்டது. சுதந்திரம் தன்னைத் தானே உணரும் பயணமே வரலாறு, அந்தப் பயணம் தன் காலத்தில் தன் ஊரில் முதிர்கிறது என்று வைத்துக்கொண்டவருக்குச் சாங்கியம் வழியில் கிடக்கும் கல்தான்.

'பகுத்தறிவுவாதிகள் மூவர், அனுபவவாதிகள் மூவர், இருவரையும் சமாதானம் செய்துவைத்த கான்ட்' என்ற பாடநூல் சூத்திரமும் அதே பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு. அதில் அடங்காத மாலபிரான்ஷும் கஸாந்தியும் காணாமற்போனார்கள். இதைப் பற்றி இவ்வளவு போதும். பெண்கள் விஷயம்தான் நெருங்கிப் பார்க்கவேண்டியது.

1643 மே மாதம். ஹேக் நகரில் நாடிழந்து தங்கியிருந்த ஓர் அரச குடும்பத்தின் மகள், 24 வயது எலிசபெத், தெகார்த்துக்குக் கடிதம் எழுதுகிறாள். ஆன்மா வெறும் சிந்திக்கும் பொருள், அதற்கு நீள அகலம் இல்லை என்கிறீர்கள். ஒன்றை நகர்த்த வேண்டுமானால் தள்ளவேண்டும், தள்ளத் தொடவேண்டும், தொட மேற்பரப்பு வேண்டும். மேற்பரப்பே இல்லாத ஆன்மா என் கையை எப்படி அசைக்கிறது? இதுதான் கேள்வி. தெகார்த், கல்லின் கனம் கல்லைக் கீழே இழுப்பதை உவமை காட்டிப் பதில் எழுதுகிறார். அவள் விடவில்லை. உருவமற்ற ஒன்று உடலை நகர்த்தும் என்று ஒப்புவதைவிட, ஆன்மாவுக்கும் பருமை உண்டு என்று ஒப்புவது எனக்கு எளிது என்கிறாள். அதற்கு ஜூன் இறுதியில் தெகார்த் எழுதிய பதில்தான் சுவையானது: உடலும் ஆன்மாவும் ஒன்றுபட்டிருப்பதை ஆழ்ந்த தியானத்தால் அறிய முடியாது, அன்றாட வாழ்க்கையாலும் சாதாரணப் பேச்சாலும்தான் அது விளங்கும், நானே மெய்ப்பொருளியலுக்கு ஆண்டில் சில மணி நேரமே செலவிடுகிறேன். 'நான் சிந்திக்கிறேன்' என்று உலகத்தை அதிரவைத்தவர் ஓர் இளம்பெண்ணிடம், கொஞ்சம் சிந்திப்பதை நிறுத்தினால் விளங்கிவிடும் அம்மா என்று சொல்ல நேர்ந்தது! 1644இல் வந்த தன் நூலை அவளுக்கே காணிக்கையாக்கினார். 1649இல் வந்த அவருடைய கடைசி நூல், உணர்ச்சிகளைப் பற்றியது, இந்தக் கடிதப் போக்குவரத்தில் முளைத்தது.

தெகார்த் இறந்தபின் அவளுடைய கடிதங்களை வெளியிட அனுமதி கேட்டார்கள். மறுத்துவிட்டாள். 1879 வரை அவை அச்சேறவில்லை. இரு நூற்றாண்டுக்கு மேல் வாசகர் கையில் இருந்தது அவர் பதில்கள் மட்டுமே. கேள்வி இருட்டில் கிடந்தது. இப்போது 'மனம்–உடல் சிக்கல்' என்று நூறு புத்தகம் வருகிறது. எலிசபெத் பெயர் வந்தாலும் 'ஓர் இளவரசி கேட்டாள்' என்கிற அளவில்தான். ஆங்கிலேயப் பெண் தத்துவவாதி ஆன் கான்வே 1679இல் இறந்தார். அவருடைய ஒரே நூல் 1690இல் ஆசிரியர் பெயரே இல்லாமல் லத்தீனில் வந்தது. ஆங்கில மூலம் தொலைந்துவிட்டதால் லத்தீனிலிருந்து மறுபடி ஆங்கிலமாக்க வேண்டியிருந்தது. நியூட்டனின் 'பிரின்சிபியா'வைப் பிரெஞ்சில் கொண்டுவந்த எமிலி து ஷாத்லே, 1740இல் இயற்பியலின் தத்துவ அடிப்படைகளைப் பற்றித் தனி நூலே எழுதியவர். பல புத்தகங்களில் அவர் வால்டேரின் தோழி.

இதுவரை படித்துவிட்டு, 'வெள்ளைக்காரன் புத்தி அப்படித்தான்' என்று தலையாட்டியிருந்தால் சற்றுப் பொறுங்கள். நம் வீட்டுக்கு வருவோம்.

'இந்தியத் தத்துவம் ஆறு தரிசனங்கள்: நியாயம், வைசேஷிகம், சாங்கியம், யோகம், மீமாம்சை, வேதாந்தம்' என்று பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறோம். ஆதிகாலத்திலிருந்தே இந்தப் பட்டியல் இப்படியேதான் இருந்தது என்ற நினைப்பு. எட்டாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த ஹரிபத்ரர் என்ற ஜைன ஆசிரியர் 'ஆறு தரிசனங்களின் தொகுப்பு' என்ற பெயரிலேயே ஒரு நூல் செய்தார். அவருடைய ஆறு: பௌத்தம், நியாயம், சாங்கியம், ஜைனம், வைசேஷிகம், மீமாம்சை. நியாயமும் வைசேஷிகமும் ஒன்றே என்று எண்ணுபவர்களுக்கு ஆறாவதாக, கண்ணால் காணும் உலகமே உண்மை என்னும் உலகாயதம். வேதாந்தம் எங்கே? இல்லை. யோகம்? அதுவும் இல்லை.

அவர் ஜைனர், வேண்டுமென்றே விட்டிருப்பார் என்று சொல்லத் தோன்றும். அப்படியானால் மணிமேகலையைத் திறவுங்கள். சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில், வஞ்சி நகரில் அளவைவாதி பேசும்போது ஒரு பட்டியல் வருகிறது: உலோகாயதம், பௌத்தம், சாங்கியம், நையாயிகம், வைசேடிகம், மீமாம்சம். ஆசிரியர்கள் பெயரும் வரிசையாக உண்டு: பிருகற்பதி, சினன், கபிலன், அக்கபாதன், கணாதன், சைமினி. இங்கும் ஆறு, இங்கும் வேதாந்தம் இல்லை, உலகாயதமோ முதலிடத்தில். நாம் ஒப்பிக்கும் பட்டியல் பிற்காலத்தில் இறுகியது. நவீனப் பாடநூல்களுக்குள் அது ஆணியடித்து உட்கார்ந்ததில் மாக்ஸ் முல்லரின் 1899ஆம் ஆண்டு நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் இலக்கியத்திலேயே வேறு பட்டியல் இருக்க, தமிழ் மாணவன் முல்லரின் பட்டியலை மனப்பாடம் செய்கிறான். இதில் எனக்குத் தீராத எரிச்சல் உண்டு.

பதினான்காம் நூற்றாண்டில் மாதவர் பெயரால் வழங்கும் 'சர்வதரிசன சங்கிரகம்' பதினாறு தரிசனங்களைச் சொல்கிறது. சார்வாகத்தில் (உலகாயதத்தின் மறுபெயர்) தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறிச் சங்கரரின் அத்வைதத்தில் முடிகிறது. முந்தியவரை அடுத்தவர் மறுப்பார். கடைசியில் இருப்பவரை மறுக்க ஆள் இல்லை. 1882இல் கவெல், கஃப் இருவரும் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது அந்தப் பதினாறாம் அத்தியாயம் இல்லாமல்தான் வந்தது. ஏணியின் உச்சிப்படியே காணோம்.

இங்கேதான் சைவ சித்தாந்திகளிடம் எனக்கு ஒரு மரியாதை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரை இரண்டாகப் பிரித்தார்: பரபக்கம், சுபக்கம். பரபக்கத்தில் உலகாயதம் தொடங்கிப் பதினான்கு மதங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி மறுக்கிறார். சுபக்கத்தில் தன் கொள்கையை நிறுவுகிறார். இது பிறர் கட்சி, இது என் கட்சி என்று வாசலிலேயே பலகை மாட்டிவிட்டார். ஹெகலும் ரஸ்ஸலும் செய்ததும் இதுவேதான். பலகைதான் மாட்டவில்லை. ரஸ்ஸலின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள்: தர்க்கப் பகுப்பாய்வுத் தத்துவம், அதாவது அவருடைய சொந்த முறை. எழுபத்தைந்து அதிகாரங்களும் பரபக்கம், எழுபத்தாறாவது சுபக்கம். 'வரலாறு' என்ற பெயர்தான் அதை மறைக்கிறது.

பரபக்கம் என்று தெரிந்து படித்தால் இன்னொன்றும் கண்ணில் படும். தோற்றவன் பேச்சு, வென்றவன் வாய் வழியாகவே நமக்கு வந்திருக்கிறது. எல்லாம் விதிப்படியே என்ற பழைய துறவியரான ஆசீவகர் எழுதிய ஒரு நூலும் மிஞ்சவில்லை. ஏ. எல். பாஷம் 1951இல் ஆசீவகர் வரலாற்றை எழுதியபோது மணிமேகலை, நீலகேசி, சித்தியார் பரபக்கம் மூன்றையும் நாட வேண்டியிருந்தது. முதலாவது பௌத்த நூல், அடுத்தது ஜைன நூல், கடைசியது சைவ நூல். மூன்றும் ஆசீவகருக்கு எதிரிகள். குண்டலகேசி போய்விட்டது, சில பாடல்களும், அதை மறுக்கவே பிறந்த நீலகேசியின் உரையிலுள்ள மேற்கோள்களும் எஞ்சியுள்ளன. எண்ணூறுகளை ஒட்டி எழுதிய ஜெயராசி பட்டர், எந்தப் பிரமாணமும் (அறிவு பெறும் வழியும்) நிற்காது என்று எல்லோர் அளவையியலையும் உடைத்துப்போட்டவர். 'தத்துவங்களைச் சிதறடிக்கும் சிங்கம்' என்பது அவர் நூலின் பெயர். அதன் ஓலைச்சுவடி 1926இல் குஜராத்தின் பாட்டனில் கிடைத்து 1940இல் அச்சானது. அவ்வளவு காலம் அந்த நாத்திகரைக் கரையான் தின்னாமல் காத்தது ஜைனச் சுவடிப் பண்டாரம். மணிமேகலையும் ஏறக்குறைய அந்தக் கதிதான். உ.வே. சாமிநாதையர் 1898இல் அதைப் பதிப்பித்தபோது பௌத்தக் கலைச்சொற்களுக்குப் பொருள் சொல்ல மரபுவழிப் பண்டிதர் எவரும் இல்லை. மளூர் ரங்காசாரியார் ஆங்கில வழியில் பௌத்தம் படித்திருந்தது கைகொடுத்தது.

அதே மணிமேகலையின் தவத்திறம் பூண்டு தருமங் கேட்ட காதையில் காஞ்சியில் அறவண அடிகள் தர்க்கம் கற்பிக்கிறார். பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களை போல. பிறகு எந்தெந்த வகையில் வாதம் பிழைபடும் என்று பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று வகை வகையாக விரிகிறது. திக்நாகரின் வழிவந்த பௌத்த அளவையியலைத் தமிழில் காப்பியத்துக்குள் வைத்த இந்தப் பகுதியை 'சுவை குன்றிய பகுதி' என்று தாண்டச் சொன்ன தமிழாசிரியர்கள் எனக்கு உண்டு. தர்க்கத்தின் வரலாறு எழுதுபவரும் இதைத் தொடுவதில்லை, காப்பியம்தானே என்று. இரண்டு துறைக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறது.

காலத்தில் விழுந்த ஓட்டை ஒன்றும் சொல்ல வேண்டும். நம் அறிமுக நூல்கள் சங்கரர், ராமானுஜர், மத்வர் என்று வந்து, ஒரே தாவலில் விவேகானந்தரிடம் போய் நிற்கும். ஐந்து நூற்றாண்டுக்கு மேல் கணக்கில் இல்லை. பதினான்காம் நூற்றாண்டில் மிதிலையில் கங்கேசர் தொடங்கிய நவ்ய நியாயம் என்ற புதிய தர்க்க மரபு முழுவதும் இந்த ஓட்டைக்குள்தான் இருக்கிறது. 1500ஐ ஒட்டி நவத்வீபத்தில் வாழ்ந்த ரகுநாத சிரோமணி, உலகில் உள்ளவற்றை வகைப்படுத்திய பழைய பதார்த்தப் பட்டியலையே கலைத்துப் போட்டார். அவர் புதிதாகச் சேர்த்தவற்றில் ஒன்று 'உடைமை'. இந்த மாடு இன்னாருடையது என்கிறோம். மாட்டைப் பார்க்கிறோம், ஆளைப் பார்க்கிறோம். 'உடையது' என்பது எங்கே இருக்கிறது? வாங்கினால் வருகிறது, விற்றால் போகிறது. ஆனால் மாட்டில் ஒரு மயிர்கூட மாறவில்லை. எனவே அது தனிப் பதார்த்தம் என்றார். பத்திரமும் பட்டாவும் வைத்து அல்லாடும் நமக்கு இதைவிட நெருக்கமான தத்துவக் கேள்வி எது? ஆனாலும் இவர் பெயர் பாமர நூல்களில் இல்லை. அந்த நடை கடினம் என்பது ஒரு காரணம். இந்தியச் சிந்தனை என்றாலே ஆன்மிகம் என்ற கதைக்கு இவர் ஒத்துவரவில்லை என்பது பெரிய காரணம். அந்தக் கதை வெள்ளையருக்கும் பிடித்திருந்தது, நம் தேசியவாதிகளுக்கும் பிடித்திருந்தது.

ஓட்டையை அடைக்கும் ஆர்வத்திலும் ஆபத்து உண்டு. எத்தியோப்பியாவின் ஸெரா யாகோபு பதினேழாம் நூற்றாண்டிலேயே தெகார்த் போலப் பகுத்தறிவைப் போற்றினார் என்று இப்போது பல இடங்களில் படிக்கலாம். அவர் எழுதியதாகச் சொல்லப்படும் நூலின் பிரதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவுக்கு அனுப்பிய இத்தாலியப் பாதிரியார் தாமே அதை எழுதிவிட்டார் என்று 1920இல் கொந்தி ரொஸ்ஸினி வாதிட்டார். வழக்கு இன்னும் முடியவில்லை. அதைச் சொல்லாமல் பெயரை மட்டும் பட்டியலில் சேர்ப்பது பழைய குற்றத்தின் மறுபக்கம். 'அணுக்கொள்கை கணாதர் சொன்னதுதான், குவாண்டம் எல்லாம் நம்மிடம் இருந்ததுதான்' என்ற வாட்ஸப் தத்துவ வரலாற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

சரி, எப்படிப் படிப்பது? ரஸ்ஸலை வாங்கியதும் கடைசி அதிகாரத்தை முதலில் படியுங்கள், அது சுபக்கம். பிறகு நீட்சே அதிகாரத்துக்கு வாருங்கள். அங்கே ரஸ்ஸல் ஒரு வேடிக்கை செய்கிறார்: கடவுளின் முன்னிலையில் புத்தரையும் நீட்சேயையும் நிறுத்தி வாதாட விடுகிறார். 'மேலைத் தத்துவ' வரலாற்றுக்குள் புத்தர் வாய் திறந்து பேசும் இடம் அது. பேசுவதோ ரஸ்ஸலின் குரலில். நீட்சே பக்கம் நின்று ஒரு பதில் எழுதிப் பாருங்கள்.

இது நான் வகுப்பில் கொடுத்துவந்த பயிற்சிதான். மணிமேகலைக் காப்பியத்தில், பூதங்களே எல்லாம், மறுபிறப்பு இல்லை என்னும் பூதவாதி பேசி முடித்ததும் மணிமேகலை சிரித்து, கண்ணால் காண்பதுதான் உண்மை என்றால் உன் தந்தை தாயரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். அவன் என்ன பதில் சொன்னான் என்று சாத்தனார் எழுதவில்லை, காதை முடிந்துவிடுகிறது. அந்தப் பதிலை நீங்கள் எழுதுங்கள் என்பேன். கரும்பலகைக் கோட்டைக் கேள்வி கேட்ட அதே மாணவன் எழுதிய தாளில் இரண்டே வாக்கியம்: "அம்மாவை அனுமானத்தால்தான் அறிகிறேன், ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் அவள் என்னைப் பெற்றதைப் பார்த்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். மறுபிறப்பைப் பார்த்தவர் யார்?"

அவனுக்குப் புரந்தரர் என்ற பெயரே தெரியாது. உலகத்தில் பழகித் தெரிந்தவற்றுக்குள் அனுமானத்தை ஏற்போம், உலக வழியைத் தாண்டும் அனுமானத்தை ஏற்கமாட்டோம் என்றவர் இந்தச் சார்வாகர். 'காட்சி ஒன்றே பிரமாணம்' என்று எல்லாப் பாடநூலும் சார்வாகர் தலையில் கட்டும் கொள்கைக்கு அவர்களுக்குள்ளேயே இருந்த திருத்தம் அது. புரந்தரரின் நூல் நமக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கருத்து கமலசீலர் என்ற எட்டாம் நூற்றாண்டுப் பௌத்தரின் உரையில் மேற்கோளாக இருக்கிறது, மறுப்பதற்காக எடுத்துவைத்த இடத்தில்.